அப்டேட் வரும் வரும் என்றே 11 மாதம் போய்விட்டது, இ-ரீடரில் தமிழ் வரவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: புலியூர்க்காரி

வணக்கம். வீடு கடலூர் திருப்பாப்புலியூரில், பாடலீசுவரர் கோயில் பக்கம். வேலை புதுச்சேரியில், தினம் பஸ்தான். இந்தக் கேள்வி எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

அம்மாவுக்கு 72 வயது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. டாக்டர் தாராளமாகப் படிக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்கு முடியவில்லை. போனில் பெரிதாக்கிப் படித்தால் கால் மணி நேரத்தில் கண்ணில் நீர் கொட்டுகிறது. மின்தாள் திரை கண்ணைக் கூசாது என்று கேள்விப்பட்டு, போன தீபாவளி போனஸில் 6 அங்குல இ-ரீடர் (மின்நூல் படிக்கும் கருவி) ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 7,499 ரூபாய். பெரிய பிராண்டு இல்லை.

அதைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த விஷயங்கள்: தமிழ் உட்பட இந்திய மொழிகள், தமிழில் வாசித்துக் காட்டும் குரல், தமிழ் அகராதி. பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி. கீழே சின்னதாக, மென்பொருள் அப்டேட்டில் வரும் என்று. அதைக் கவனிக்காமல் வாங்கவில்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அடுத்த மாசம் வந்துடும் மேடம்" என்றார்கள். நம்பி வாங்கினேன்.

இதுவரை இரண்டு அப்டேட் வந்திருக்கிறது. முதலாவதில் லாக் ஸ்கிரீன் படங்கள் மாறின. இரண்டாவதில் அவர்களுடைய புத்தகக் கடை முகப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பார், "இதுல தமிழ் வந்துடுச்சாம்மா?" இல்லை என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

தமிழ் சுத்தமாகத் தெரியவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. உடைந்து தெரிகிறது. அம்மா தினம் ஒரு பதிகம் படிப்பவர். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்து ஏற்றிக் கொடுத்தேன். 'கொன்றை' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். க முன்னால் நிற்கிறது, அதற்கு வரவேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. றவுக்குப் பின்னால் சங்கிலிக் கொம்பு தனியாகக் கிடக்கிறது. "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூட இப்படி எழுதாதேம்மா" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அதிலிருந்து அந்தக் கருவி பீரோவில்தான் இருக்கிறது.

போன வாரம் பார்த்தால் விற்பனைப் பக்கத்தில் 'வாசித்துக் காட்டும் குரல்' என்ற வரியையே எடுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் மட்டும் இன்னும் அச்சாகி இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், 10 நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். வாரண்டி அடுத்த மாதத்தோடு சரி. தமிழைச் சரியாகக் காட்ட ஏதாவது வழி இருக்கிறதா? பணத்தைத் திரும்பக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

பதில் 1: லாஸ்பேட்டை தம்பி

அக்கா, இது எழுத்துரு கோளாறு இல்லை. வேறு எழுத்துரு போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்று சேமிக்கும்போது முதலில் க, அதற்குப் பின்னால்தான் உயிர்க்குறி. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைத்து, காலைப் பின்னால் வைக்க ஒரு தனி மென்பொருள் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான், திறமூலம், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சேர்க்காமல் வெறும் தமிழ் எழுத்துருவை மட்டும் போட்டு 'தமிழ் ஆதரவு' என்று எழுதிவிட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதைச் சேர்க்க 11 மாதம் போதவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்கள் கருவி ஆண்ட்ராய்டில் ஓடுவதாக இருந்தால் கோரீடர் என்ற செயலியைப் போடுங்கள். இபப் (மின்நூல் கோப்பு வகை) கோப்பில் தமிழ் சரியாக வரும். செயலி ஏற்ற வழியில்லை என்றால் பிடிஎஃப்தான். பிடிஎஃபில் எழுத்துகள் ஏற்கெனவே அதனதன் இடத்தில் பதிந்திருக்கும், கருவி எதையும் கோக்க வேண்டியதில்லை. ஆனால் சாதாரண ஏ4 பிடிஎஃபைப் போட்டால் எறும்பு மாதிரி தெரியும். கணினியில் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச ஆவண மென்பொருளைத் திறந்து, பக்க அளவை 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் என்று வையுங்கள். 6 அங்குலத் திரை கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓரம் அரை செ.மீ. போதும். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 18 புள்ளி. பதிகத்தை ஒட்டி பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யுங்கள்.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குல பிடிஎஃபே கிடைக்கும். எழுத்து அளவு அம்மாவுக்குப் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: வில்லியனூர் வாசகன்

எனக்கும் இதே கதைதான், வேறு பிராண்டு. ஒன்றரை வருடம் காத்திருந்து பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். வாங்கியவரிடம் தமிழ் வராது என்று சொல்லித்தான் கொடுத்தேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

பதில் 3: மஞ்சக்குப்பம் அண்ணாச்சி

விற்று 11 மாதம் ஆகிவிட்டது என்பதால் உங்கள் உரிமை போய்விடாதும்மா. அந்த 10 நாள் அவர்களுடைய திருப்பி எடுக்கும் கொள்கை, சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. இருப்பதாகச் சொல்லி இல்லாததை விற்பது அதில் வரும்.

முதலில் அட்டைப்பெட்டியை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பில், நீங்கள் அனுப்பிய மெயில்கள், 'கொன்றை' உடைந்து தெரியும் திரை, எல்லாம் வேண்டும். போனில் சொன்னது செல்லாது என்று இல்லை, ஆனால் நிரூபிப்பது கஷ்டம். அதனால் இனி எல்லாம் எழுத்தில். ஆன்லைன் விற்பனைத் தளத்துக்குக் குறைதீர் அதிகாரி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020 மின்வணிக விதி அது. அவருக்கு மெயில் போடுங்கள். கூடவே 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதியுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. 7,499 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

புலியூர்க்காரி மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. செயலி ஏற்ற இதில் வழியில்லை, அதனால் தம்பி சொன்ன மாதிரி பிடிஎஃப் செய்தேன். 18 புள்ளி போதவில்லை, 22 வைத்ததும் அம்மாவுக்குச் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து முழுப் பதிகமும் படித்தார். நீர் வடியவில்லை. 'கொன்றை' வந்த இடத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆனால் ஒவ்வொரு பதிகத்தையும் நான் ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காகவா காசு கொடுத்தோம்? குறைதீர் அதிகாரிக்கு நேற்று இரவு மெயில் அனுப்பிவிட்டேன். அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒற்றுப்பிழை இருக்கிறது என்று இரண்டு இடத்தில் திருத்த வைத்தார். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.