பிரெஞ்சு ஓவியர் டெகாவின் பாலே பெண்களை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கரித்துண்டு:
பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் எட்கர் டெகாவின் 'நடன வகுப்பு' முன்னால் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது ஆடுகிறவள் இல்லை, இடது ஓரத்தில் பியானோ மேல் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருக்கும் பெண்தான். கீழே ஒரு பூவாளி. பலகைத் தரையில் புழுதி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்களாம். தடியூன்றி நிற்கும் வயதான வாத்தியார் ஜூல் பெரோ ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர், ஆனால் அவர் சொல்வதை அந்த அறையில் யாராவது கேட்கிறார்களா என்றால் பாதிப் பேர் ரிப்பனையும் முடியையும் சரிசெய்துகொண்டு நிற்கிறார்கள். வகுப்பு முடிகிற நேரத்து அலுப்பு. எனக்கு மேடைக் காட்சிகளைவிட இதுதான் பிடிக்கிறது.

ஓரத்து இருக்கை:
மேடைக் காட்சியை அப்படித் தள்ளிவிடாதீர்கள்! அதே ஓர்சேயில் 'நட்சத்திரம்' என்ற பாஸ்டல் (வண்ணச் சுண்ணக்கட்டி) ஓவியம் இருக்கிறது. வெள்ளை உடையில் ஒருத்தி கைவிரித்து முன்னால் வருகிறாள், பின்னால் திரைச்சீலை மறைவில் கறுப்புக் கோட்டு போட்ட ஓர் ஆள், முகமே தெரியாது. பாலே நடந்த பாரிஸ் ஓபரா அரங்குக்குச் சந்தா கட்டிய பணக்கார ஆண்கள் மேடைக்குப் பின்புறம் சர்வசாதாரணமாகப் போய்வந்த காலம் அது, இந்தப் பெண்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கோட்டைக் கவனித்த பிறகு படத்தை வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை.

மெழுகு:
ஏழை வீடு என்றதும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் 'பதினான்கு வயது நடனச் சிறுமி' சிலை ஞாபகம் வந்தது. மற்ற ஊர்களில் இருப்பது டெகா இறந்த பிறகு வார்த்த வெண்கலம், இங்கே இருப்பது அவர் கையால் செய்த மெழுகு. நிஜத் துணிப் பாவாடை, நிஜ முடி. மாதிரியாக நின்ற மரீ வான் கோத்தெமின் அம்மா துணி வெளுக்கிறவர். 1881 கண்காட்சியில் விமர்சகர்கள் சிலர் அந்தப் பிள்ளையின் முகத்தைக் குரங்கு என்றே எழுதினார்கள். எழுதியவர்கள் மோவாயை அப்படித் தூக்கிக்கொண்டு, பாதங்களை வெளிப்புறம் திருப்பி ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்! கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்தால் முதுகுக்குப் பின்னால் கோத்த விரல்கள் தெரியும், அதை விட்டுவிடாதீர்கள்.

கரித்துண்டு:
சரி, மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகம் போனவர்கள் யாராவது? கண் மங்கிய காலத்தில் போட்ட 'நீல நடனப் பெண்கள்' அங்கேதான். அச்சில் தெரிகிற அந்த நீலம் நேரில் எப்படி இருக்கிறது, எழுதுங்கள்.