டார்க் மோட்: ‘கரும்பின்னணி’யா, ‘அடர்பின்னணி’யா?

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் தமிழாக்கும் செயலியின் ‘டார்க் மோட்’டுக்கு, அதாவது அடர்ந்த நிறத் திரையில் வெளிர் எழுத்துக் காட்டும் அமைப்புக்கு, ‘கரும்பின்னணி’ என்று நம் குழுவில் அண்ணா ஒருவர் எழுதியிருந்தார். பின்னணியைப் பெயருக்குள் கொண்டுவந்தது மிகச் சரி. ‘இருள் முறை’, ‘இரவு முறை’ இரண்டும் வேண்டாம் என்பதில் நானும் அவர் பக்கம்தான். கிளிநொச்சியில் நான் கணினி சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் ‘இருள் முறைக்கு மாற்றுங்கோ’ என்றால் பாதிப் பேர் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். ‘இரவு முறை’ என்றால் திரையை மஞ்சளாக்கும் அமைப்பைத் தேடிப் போகிறார்கள். மூன்றும் வேறு வேறு வேலைகள்.

ஆனால் ‘கரும்பின்னணி’யை வேகமாக வாசித்துப் பாருங்கள், கண் முதலில் கரும்புக்குப் போகிறது. சிறிய திரையில் ‘கரும்பின்’ என்ற இடத்தில் சொல் உடைந்தால் இன்னும் மோசம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பின்னணி பல செயலிகளில் தனிக்கறுப்பே இல்லை. அடர்சாம்பல், அடர்நீலம் எல்லாம் வருகின்றன. அப்படி இருப்பதுதான் நல்லதும். தனிக்கறுப்பில் தூய வெள்ளை எழுத்து வைத்தால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 21:1. இணையத்தை எல்லோரும் பயன்படுத்த உதவும் டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் ஏஏ தரம் சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5:1 தான். அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து பரவுவது போலத் தெரியும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கிக்கொள்ளும். நமது ‘ண’வின் சுழிகள் அடைபட்டுப் போகும், மெய்யின் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிவிடும். தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் என் முன்மொழிவு: அடர்பின்னணி, வெளிர்பின்னணி. எங்கள் பக்கம் சீலைக்கடையில் ‘கடும்நீலம்’ என்றுதான் கேட்போம். ஆனால் ‘கடும்பின்னணி’ என்றால் ஏதோ தண்டனை போல ஒலிக்கிறது.

இன்னொன்று, பெயரில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்ற தொனி வரக்கூடாது. மாங்குளம் சந்தியில் மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அடர்பின்னணியில் என் முகம்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. யானைக்குக் காவல் இருக்கும் வயல் கொட்டிலில் அதே போனை வெளிர்பின்னணியில் திறந்தால், இருட்டுக்குப் பழகிய கண் கூசி, நிமிர்ந்து பார்க்கையில் வரம்புகூடத் தெரியாது. அங்கே அடர்பின்னணிதான் வேண்டும். நீண்ட வாசிப்புக்கு, வெளிச்சமான அறையில், வெளிர்பின்னணி நல்லது. கண்மணி சுருங்குவதால் எழுத்து கூர்மையாகத் தெரியும். ஏட்டில் கீறிய எழுத்துக்குக் கரி பூசி வாசித்த நமக்கு அது புதிதும் இல்லை.

செயலியின் உதவிக்குறிப்பில், அடர்பின்னணிக்கு மாறினால் ‘மின்கலம் மிச்சமாகும்’ என்ற வரியையும் திருத்த வேண்டும். அது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்குத்தான் பொருந்தும். எல்சிடியில் பின்னொளி எப்படியும் எரிந்துகொண்டே இருக்கும்.

‘அடர்’ என்றால் அடர்த்திதானே நினைவுக்கு வரும் என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். மேலே ‘பின்னணி’ என்று தலைப்பிட்டு, பொத்தான்களில் ‘அடர்’, ‘வெளிர்’ என்று மட்டும் போட்டால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளிடம் ‘கரும்பின்னணி’, ‘அடர்பின்னணி’ இரண்டையும் கொடுத்து, எதை விளக்கம் கேட்காமல் அழுத்துகிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன். அதுவரை மொழிபெயர்ப்புக் கோப்பைப் பூட்ட வேண்டாம்.