தனியே வில்வேட்டைக்குச் செல்பவரின் கேமராவை யார் பிடிப்பது?

வில்வேட்டைக்குப் பெரும்பாலும் தனியாகவே செல்பவன் நான். காற்றின் திசை பார்த்து, மூச்சுக் காட்டாமல், பரண் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வேலைக்குத் துணை ஓர் இடைஞ்சலே. படம் எடுக்கும் நேரத்தில்தான் அந்தத் துணை இல்லாத குறை தெரியும். முதல் இரண்டு பருவங்களில் நான் எடுத்த படங்களில் தலையில்லாத என் உடலும், வில்லின் கீழ்ப்பாதியும், ஏராளமான வானமுமே இருந்தன. விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் கேமராவை வைத்து, அடியில் கல்லையும் சுள்ளியையும் அண்டைகொடுத்து நிமிர்த்துவதுதான் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஒரு மாலை அந்தச் சுள்ளி நழுவ, கேமரா குப்புற விழுந்து லென்ஸ் முழுவதும் சேறானது.

விலைக்குக் கிடைக்கும் ட்ரைபாட் எனக்கு ஒத்துவரவில்லை. வில், அம்புகள், பரணில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார், கயிறு, தண்ணீர் இத்தனைக்கும் மேல் அதையும் சுமக்க வேண்டுமென்றால், மூன்றாம் நாளே அது வீட்டில் தங்கிவிடும். ஆகவே பையில் கிடப்பதே தெரியாத ஒன்றைச் செய்ய முனைந்தேன். அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவு ஒன்றுதான்: ஏறக்குறைய எல்லாக் கேமராக்களின் அடியிலும் இருக்கும் துளை, கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 மரையும் கொண்ட போல்ட்டுக்கு உரியது. 6 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. அதை வலுக்கட்டாயமாகத் திருகினால் கேமராவின் மரைதான் அழியும்.

பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'C' வடிவத் திருகு இறுக்கியான சிறிய சி கிளாம்ப் ஒன்றின் முதுகில் துளையிட்டு, போல்ட்டை உட்புறமிருந்து வெளியே நீட்டி, நட் போட்டு இறுக்கினேன். அதன் மேல் ஒரு ரப்பர் வாஷர். செலவு என்று சொல்ல இவ்வளவுதான். முதல் தடவை போல்ட்டின் முனையை 10 மில்லிமீட்டர் வெளியே விட்டுவிட்டேன். திருகிக்கொண்டே போனபோது உள்ளே 'நறுக்'கென்று ஒரு சத்தம். அந்தக் கேமராவின் அடித்தகடு இன்றும் சற்றுப் புடைத்தே இருக்கிறது. இப்போது வெளியே தெரிவது 5 மில்லிமீட்டர் மட்டுமே. கிளாம்ப்பின் வாயில் பழைய சைக்கிள் டியூப் துண்டை ஒட்டியிருப்பதால் கிளையின் பட்டை காயப்படுவதில்லை, பனியில் நனைந்த கிளையிலும் அது வழுக்குவதில்லை. மரத்தில் நேரடியாகத் திருகாணி ஏற்றும் முறையைச் சிலர் விரும்புகிறார்கள். பல பொது வனங்களில் அதற்குத் தடை உண்டு என்பதோடு, பின்னொரு நாள் அந்த மரத்தை அறுப்பவரின் ரம்பத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாங்கி சரியானபோதும் படம் சரியாகவில்லை. பொத்தானை அழுத்தும்போது நான் நிற்கப்போகும் இடம் வெறுமையாக இருப்பதால், கேமரா பின்னாலிருக்கும் புதரைக் கூர்மையாகப் பிடித்துவிட்டு என்னை மங்கலாக்கியது. இப்போது நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பை நட்டு, அதில் அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டு, அதன் மேல் குவியத்தைப் பிடித்துப் பூட்டிய பிறகே டைமரை ஓடவிடுகிறேன். கிடைக்கும் 10 விநாடிகளில் ஓடுவதும் கூடாது. கூர்முனை பொருத்திய அம்பைக் கையில் வைத்துக்கொண்டு வேரில் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்புகள் அனைத்தும் உறையிட்ட தூணியில் இருக்க, வில்லை மட்டும் கையில் ஏந்துவதே என் வழக்கம். படத்துக்காக அம்பில்லாமல் நாணை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். விரல் நழுவி வெறும் நாண் விடுபட்டால், அம்போடு போக வேண்டிய விசை முழுவதையும் வில்லே வாங்கும். வில்லின் வளையும் இரு பாதிகளும் பிளந்துபோகலாம்.

சென்ற பருவத்தில் ஒரு மாலை டைமரை ஓடவிட்டு அசையாமல் நின்றிருந்தேன். கேமராவின் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியதும் புதருக்குள்ளிருந்து ஒரு பெண்மான் வெளிவந்து, கழுத்தை நீட்டி அந்த விளக்கை முகர்ந்தது. ஷட்டரின் ஒலி கேட்டதும் ஒரே தாவலில் மறைந்துவிட்டது. படத்தில் பாதி ஒரு காது, மீதியில் வாயைப் பிளந்து நிற்கும் நான்.

* * *

நானும் தனியே வில்வேட்டைக்குச் செல்பவன்தான். மேலே எழுதியவரின் கிளாம்ப் நல்ல யோசனைதான். ஆனால் கிளையே இல்லாத புல்வெளியில் அது பயன்படாது. பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, இரு முனைகளையும் தைத்துச் செய்த பையையே நான் பயன்படுத்துகிறேன். பாறையின் மேல் வைத்துக் கேமராவை அதில் சற்று அழுத்தினால், அது வேண்டிய கோணத்தில் அப்படியே நிற்கும். அந்தி வெளிச்சத்தில் ஷட்டர் விநாடியில் 15இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும்போதும் படம் கலங்குவதில்லை. முதலில் அதில் தானியத்தை நிரப்பியது என் தவறு. ஒரு மழைக்குப் பிறகு அதை மறந்தே போனேன். சில நாள் கழித்துப் பையைத் திறந்தால் தையல் வழியாக வெளிறிய முளைகள் எட்டிப் பார்த்தன, வாடையும் பொறுக்க முடியாததாக இருந்தது. இப்போது உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் குருணைகள். இறந்த விலங்கோடு எடுக்கும் படத்துக்கு இந்தத் தாழ்ந்த கோணமே பொருத்தமானது என்பது என் கருத்து. இரத்தத்தைத் துடைத்து, தொங்கும் நாக்கை உள்ளே தள்ளிவிட்டு, அதன் கண்மட்டத்திலிருந்து எடுப்பதே அந்த உயிருக்குக் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

* * *

மூன்றாவதாக எழுதும் நான், மேலே எழுதிய இருவரையும்விடச் சிக்கனமாக இருக்க நினைத்து, வில்லிலேயே கேமராவைப் பொருத்த முயன்றேன். வில்லின் முன்புறத்தில், குறிபார்க்கும்போது வில் ஆடாமலிருக்க உதவும் ஸ்டெபிலைசர் என்ற கம்பியை மாட்டும் துளை 5/16 அங்குலமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டது. கேமராவின் மரை அதில் சேராது. எனவே ஒரு முனையில் அந்த மரையும் மறுமுனையில் கால் அங்குல மரையும் உள்ள சிறு இணைப்பு ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்து வாங்கினேன். வளைந்துபோன அலுமினிய அம்புகள் இரண்டை வில்லுக்கு முட்டுக்கொடுத்தபோது அது முக்காலி போலவே உறுதியாக நின்றது. கார்பன் அம்பு இதற்கு வேண்டாம். அது விரிசல் விட்டால் சிம்பு கையில் ஏறும். எல்லாம் ஒழுங்காக அமைந்து, எடுத்த படத்தை வீட்டில் காட்டியபோது மகள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது: "அப்பா, வில் எங்கே?"