ஓவனும் ஹாபும் தனித்தனி: பழைய ஸ்டவ் வயர் தாங்குமா?

சாட்ஸ்வர்த்_சமையல்:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் பழைய வீடு. ஒற்றை ஃபேஸ், மெயின் பிரேக்கர் 60 ஆம்ப். பழைய ஸ்டவ்வை எடுத்துவிட்டு 7.2 கிலோவாட் இண்டக்ஷன் ஹாப் (ஓவன் இல்லாத மின் அடுப்பு) மேடையிலும், 3 கிலோவாட் ஓவன் பக்கத்து உயர அலமாரியிலும் வைக்கப் போகிறோம். டிபி போர்டிலிருந்து (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) ஸ்டவ்வுக்கு 6 சதுர மி.மீ. ஃபிளாட் ட்வின் கேபிள் 18 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கர் 40 ஆம்ப், சுவரில் ஒரு ஐசொலேட்டர் (கரண்டை முழுதாக வெட்டும் சுவிட்ச்). அந்த ஒன்றிலிருந்தே இரண்டுக்கும் இணைப்பு எடுக்கலாமா? புரட்டாசிக்குள் முடிக்கணும்.

டிபி_போர்டு:
கணக்கை முதலில் பாருங்கள். ஹாப் 7,200 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 31.3 ஆம்ப். ஓவன் 13 ஆம்ப். சேர்த்தால் 44 ஆம்ப். எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது என்று கழிவு போட்டுக் கணக்கிடுவது வழக்கம்தான். ஆனால் அந்தக் கழிவு அன்றாடச் சமையலுக்கு. புரட்டாசி சனிக்கிழமை படையலுக்கு நாலு அடுப்பும் ஓவனும் சேர்ந்து மூன்று மணி நேரம் ஓடினால் அது பொருந்தாது.

ஹாப் மட்டும் என்றால் உங்கள் கேபிள் போதும். 6 சதுர மி.மீ. செம்பில் ஆம்புக்கு, மீட்டருக்கு 7.3 மில்லிவோல்ட் இறங்கும். 40 ஆம்ப், 18 மீட்டருக்கு 5.3 வோல்ட், அதாவது 2.3 சதவீதம். நம் நாட்டு வயரிங் தரமான சான்ஸ் 10142-1 விடும் எல்லை 5 சதவீதம். நான் கவலைப்படுவது கூரையைப் பற்றித்தான். சீலிங்குக்கு மேலே வெப்பத்தடுப்புப் போர்வை விரித்து, அதற்கு அடியில் கேபிள் புதைந்திருந்தால் சூடு வெளியேற வழியில்லை. கேபிள் தாங்கும் ஆம்ப் நன்றாகக் குறைந்துவிடும். டர்பன் வெயிலில் ஓட்டுக் கூரைக்கு அடியில் இன்னும் மோசம். ஏறிப் பார்த்து, போர்வைக்கு மேலே தூக்கி, மரச்சட்டத்தில் கிளிப் அடியுங்கள். முடியாது என்றால் 10 சதுர மி.மீ.க்கு மாறணும்.

ஓவனுக்கு தனி லைன் இழுங்கள்: 2.5 சதுர மி.மீ., 20 ஆம்ப் பிரேக்கர். ஓவன் கையேட்டில் 16 ஆம்ப்தான் உச்சம் என்று போட்டிருந்தால் பிரேக்கரும் அதற்கு மேல் போகக்கூடாது. ஓவனோடு வரும் வயர் பெரும்பாலும் 1.5 சதுர மி.மீ. அதை 40 ஆம்ப் பிரேக்கருக்குப் பின்னால் மாட்டினால், உள்ளே பழுது வரும்போது பிரேக்கர் விழுமுன் வயர் வெந்துவிடும். ஒரே ஐசொலேட்டரில் இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மெயினையும் பாருங்கள். 3 கிலோவாட் கீசர், 2 கிலோவாட் கெட்டில் சேர்ந்தால் மொத்தம் 15.2 கிலோவாட், 66 ஆம்ப். 60 ஆம்ப் மெயின் விழக்கூடும். கீசருக்கு டைமர் போட்டு விடியற்காலை மட்டும் ஓட விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்பேனர்_ஃபீனிக்ஸ்:
அண்ணன் சொன்ன லைன் கணக்கு சரி. ஹாபின் அடியில் நடக்கும் தவறைச் சொல்கிறேன்.

டெர்மினல் மூடியைத் திறந்தால் எல்1, எல்2, என், எர்த் என்று திருகுகள் வரிசையாக இருக்கும். ஐரோப்பாவில் இரண்டு ஃபேஸில் மாட்டுவதற்காகச் செய்தது. நம் ஒற்றை ஃபேஸுக்கு எல்1-ஐயும் எல்2-ஐயும் பித்தளைப் பட்டையால் இணைக்கணும். நியூட்ரலுக்கு இரண்டு திருகு இருந்தால் அங்கேயும் ஒரு பட்டை. பட்டைகள் மூடிக்குள்ளேயே ஒரு பள்ளத்தில் சொருகியிருக்கும். குப்பையோடு போய்விடும், கவனம். ஹாபில் ஒரு பக்கத்து இரண்டு அடுப்பு மட்டும் வேலை செய்தால் முதலில் அந்தப் பட்டையைத்தான் பாருங்கள்.

நிறம்: சுவர்க் கேபிளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். ஹாபோடு வரும் வயரில் பழுப்பும் கறுப்பும் இரண்டுமே லைவ், நீலம்தான் நியூட்ரல். கறுப்பைக் கறுப்போடு சேர்த்தால் சுவிட்ச் போட்டதும் நேரே ஷார்ட்.

நெளியும் வயரின் இழைகளை அப்படியே திருகின் கீழே வைக்காதீர்கள். ஃபெர்ரூல் (சின்ன உலோகக் குழல்) போட்டு நசுக்கி, பிறகு மாட்டுங்கள். உறையின் விளிம்பு திருகுக்கு அடியில் சிக்கினால் செம்பு முழுதாகத் தொடாது. அங்கே சூடேறும். முதலில் மீன் கவிச்சி மாதிரி வாசம், பிறகு பிளாஸ்டிக் பழுப்பாகும், கடைசியில் கரியும். மாட்டியதும் ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். மேடையின் கீழே கடைசித் துண்டு வயர் வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண பிவிசி 70 டிகிரிக்குத்தான்.

இன்னொன்று: பெரிய அலுமினியத் தேக்சா இண்டக்ஷனில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் வேலை செய்யும். பாத்திரங்களை இப்போதே சோதித்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த்_சமையல்:
நன்றி அண்ணா. பட்டை விஷயம் தெரியவே தெரியாது. ஓவனைச் சுவர் பிளக்கில் மாட்டலாமா? ஐசொலேட்டர் எங்கே வைப்பது?

டிபி_போர்டு:
16 ஆம்ப் பிளக்கில் 3 கிலோவாட் ஓடும். ஆனால் நம் ஊரில் சாக்கெட் லைன் 30 மில்லிஆம்ப் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் கருவி) வழியாகத்தான் போகணும். பல மாதம் சும்மா இருந்த ஓவனின் எலிமெண்ட் டர்பன் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். போட்டதும் லீக்கேஜ் விழும். ஓவன் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள், லீக்கேஜையும் கழற்றிவிடாதீர்கள். எலிமெண்டின் மின்காப்பை 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் அளந்து, அது குறைந்தால் எலக்ட்ரீஷியனிடம் காயவைக்கச் சொல்லுங்கள். நேரடி இணைப்பாகச் செய்தால் அந்த லைன் லீக்கேஜுக்கு முன்னாலேயே பிரியலாம். நான் அதையே விரும்புவேன்.

ஐசொலேட்டர் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போலாக இருக்கணும். அதே அறையில், சாதனத்திலிருந்து 3 மீட்டருக்குள், தரையிலிருந்து 0.5 முதல் 2.2 மீட்டர் உயரத்துக்குள். ஹாபுக்கு நேர் மேலே வைக்காதீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தீயைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. ஹாபுக்கு ஒன்று, ஓவனுக்கு ஒன்று, பக்கத்துப் பக்கத்தில், எது எதற்கு என்று ஸ்டிக்கர் ஒட்டி.

சட்டமும் இதில் உண்டு. 2009 மின் நிறுவல் விதிகளின்படி இந்த வேலை பதிவு பெற்றவரின் மேற்பார்வையில் நடக்கணும், மாற்றிய பகுதிக்கு அவர் சிஓசி (விதிப்படி இருக்கிறது என்ற சான்று) எழுதித் தரணும். வீட்டை விற்கும்போது சான்று இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. பெட்டி தூக்குவது, அலமாரி வெட்டுவது உங்கள் வேலை. டிபி போர்டு அவருடையது.

ஸ்பேனர்_ஃபீனிக்ஸ்:
அலமாரி வெட்டுமுன் ஹாபின் கீழே காற்று போகும் இடைவெளியைக் கையேட்டில் பாருங்கள். இண்டக்ஷனுக்கு அடியில் விசிறி இருக்கிறது. டிராயர் அதை அடைத்தால் அரைமணி நேரத்தில் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். லோட்ஷெட்டிங்கில் கரண்ட் போனால் ஐசொலேட்டரையும் அணைத்துவிடுங்கள். வந்து சில நிமிஷம் கழித்துப் போடுங்கள், மின்னணுப் பலகைக்கு அது நல்லது.