புதுப்பிப்பு: அஸ்தம்பட்டி வியட்நாமிய உணவகத்துக்கு இரண்டாம் முறை

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் உள்ள சிறிய வியட்நாமிய, சுஷி (ஜப்பானியப் புளிப்புச் சோற்றுப் பண்டம்) உணவகத்தில் 40 நிமிடம் காக்க வைத்தார்கள், ஃபோ என்ற வியட்நாமிய நூடுல்ஸ் சூப் ஆறியிருந்தது, சுஷிச் சோறு விறைத்திருந்தது என்று சென்ற மாதம் குறைப்பட்டு எழுதியிருந்தேன். நேற்று மாலை மனைவியுடன் மீண்டும் சென்றேன். கோழி எலும்பை அன்னாசிப்பூ, பட்டை, சுட்ட இஞ்சியோடு நெடுநேரம் வேகவைத்த சாறு இம்முறை ஆவி பறக்க வந்தது; அரிசி நூடுல்ஸின் மேல் எலுமிச்சையைப் பிழிந்ததும் கிளம்பிய மணத்தில் (பிரியாணிக்குப் போடும் அதே பூதான் என்று மனைவி உடனே கண்டுகொண்டாள்) பழைய கோபம் பாதி கரைந்தது. வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சுஷிச் சோறும் கைச்சூட்டிலேயே இருந்தது. வெள்ளரிச் சுருளைச் சுற்றியிருந்த கடற்பாசித் தாள் நமத்திருக்கவில்லை. வசாபி (சுஷிக்குத் தொட்டுக்கொள்ளும் காரமான ஜப்பானிய வேர்) என்று வைத்த பச்சை விழுதுதான், பல இடங்களில் தருவதைப் போலவே, குதிரைமுள்ளங்கிக்கு நிறமேற்றியதாக எனக்குப் பட்டது. ஆகவே சூப்பையும் சோற்றையும் பற்றிய குறைகளைத் திரும்பப் பெறுகிறேன். காத்திருப்பு மட்டும் இன்னமும் அரைமணிக்குக் குறையவில்லை.