மறு: ‘ஜூரி ரத்து’ வேண்டாம்; ‘சட்டவிலக்கல்’ சரியாக இருக்குமா?

வணக்கம்.

> ‘ஜூரி ரத்து’, ‘நடுவர் குழுச் சட்டமறுப்பு’ இரண்டில் ஒன்றை வைத்து முடித்துவிடலாமே?

முடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள், ஐயா. ‘Jury nullification’ என்ற ஆங்கிலத் தொடருக்கு இந்த இரண்டு தமிழாக்கமுமே எனக்கு உறுத்துகின்றன.

முதலில், ‘நடுவர்’ வேண்டாம். நம் நீதிமன்றங்களில் குற்றவியல் நடுவர் என்றால் மாஜிஸ்திரேட். ஜூரியில் உட்கார்ந்து, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்பவர்கள் சாதாரணக் குடிமக்கள். ஜூரி என்றே இருக்கட்டும்.

‘ரத்து’ என்றால் சட்டமே போய்விட்டது என்றாகும். ஜூரி அதைச் செய்வதில்லை. குற்றத்துக்குச் சான்று இருக்கிறது, சட்டமும் தெளிவு. ஆனாலும் ‘குற்றவாளி இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அந்த விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் மறுநாள் அதே சட்டம் இன்னொருவர் மேல் பாயும். தவிர, 1832-இல் தென் கரோலினா மாநிலம் கூட்டரசின் சுங்கவரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்ததே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே ‘nullification’ என்ற சொல்தான். அதைச் ‘செல்லாதாக்கல்’ என்று தனியே வைக்கலாம்.

‘சட்டமறுப்பு’தான் எனக்குப் பெரிய கவலை. அந்தச் சொல்லில் வேதாரண்யத்து உப்பு கலந்திருக்கிறது. கேட்டதும் நியாயம் என்று தோன்றிவிடும். 1735-இல் நியூயார்க் ஆளுநரைச் சாடிய பத்திரிகையை அச்சிட்ட ஜான் பீட்டர் செங்கரை ஜூரி விடுவித்ததற்கு அது பொருந்தும். 1851-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் புகுந்து, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஷாட்ராக் மின்கின்ஸை மீட்டவர்களில் ஒருவரையும் ஜூரிகள் தண்டிக்கவில்லை. அதற்கும் பொருந்தும். ஆனால் 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்ற இருவரை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 67 நிமிடத்தில் விடுவித்தது. அடுத்த ஆண்டே அவர்கள் ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அதுவும் அந்த ஊர் மக்கள் தந்த தீர்ப்புதான். அதற்குப் போய் இந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ‘ஜூரி சட்டவிலக்கு’ என்று நினைத்தேன், வரிவிலக்கு போல: வரி இருக்கிறது, இவருக்கு மட்டும் இல்லை. ஆனால் விலக்கு என்பது முறைப்படி கிடைக்கும் சலுகை. 1895-இல் ஸ்பார்ஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதி சொல்லும் சட்டத்தை ஏற்பது ஜூரியின் கடமை என்றது. அதாவது சட்டத்தை ஒதுக்கும் உரிமை ஜூரிக்கு இல்லை. விடுவித்துவிட்டால் தடுக்க வழியும் இல்லை. அதனால் செயலை மட்டும் சொல்லும் ‘ஜூரி சட்டவிலக்கல்’ மேல். வினையாகவும் இயல்பாக வருகிறது: ‘சான்று இருந்தும் ஜூரி சட்டத்தை விலக்கி அவரை விடுவித்தது.’

இலங்கை நண்பர்கள் ‘யூரி’ என்று எழுதுவார்கள். அவர்களுக்கும் இது ஒத்துவருமா என்று சொல்லுங்கள்.