வாழிடமா, வாழ்விடமா?

வணக்கம்.

ஓர் உயிரினம் இயல்பாக வாழும் இடத்தைக் குறிக்கும் 'ஹாபிடாட்' (habitat) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எது பொருந்தும் என்ற கேள்விக்கு உறைவிடம், வாழ்விடம், வாழிடம், சூழல் என நான்கு சொற்கள் வந்துவிட்டன. என் ஓட்டு வாழிடத்துக்கு.

மூலச்சொல் பெயர்ச்சொல்லே இல்லை. லத்தீனில் அது வினைமுற்று. 'வாழ்கிறது' என்று பொருள். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசீஸ் பிளான்டாரம்' நூலில் செடி எங்கே வளர்கிறது என்ற குறிப்பை 'ஹாபிடாட் இன்...' என்றுதான் தொடங்குவார். திரும்பத் திரும்ப வந்த அந்த வினைமுற்றே பின்னால் இடத்துக்குப் பெயராகிவிட்டது.

வாழிடமும் வினையைச் சுமக்கும் சொல்தான். வினைத்தொகை என்பதால் வாழ்ந்த இடம், வாழ்கிற இடம், வாழும் இடம் மூன்றும் அதில் அடக்கம். வெறும் இலக்கண அழகுக்காகச் சொல்லவில்லை. இந்தியாவில் சிவிங்கிப்புலி (சீட்டா) அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்தார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விட்டார்கள். விலங்கு வருமுன்பே அதற்கு ஏற்றது என்று தேர்ந்த அந்த நிலத்தையும் வாழிடம் என்றால் பொருந்துகிறது.

வாழ்விடம் பிழையில்லை. ஆனால் 'வாழ்வு' மனிதரோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியமே இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்தான். அதை வீட்டுக்கே விட்டுவிடலாம். உறைவிடம் என்றாலோ எனக்கு உறைவிடப் பள்ளிதான் ஞாபகம் வருகிறது!

அப்புறம், தங்கும் இடம் வேறு, வாழிடம் வேறு. 'புலி சேர்ந்து போகிய கல்அளை' என்று புறநானூறு சொல்வது படுத்தெழும் குகையை. மான், தண்ணீர், பதுங்கப் புதர் எல்லாம் சேர்ந்த காடுதான் புலியின் வாழிடம். வளை, புற்று, பொந்து, கூடு எல்லாம் அளையின் பக்கம்.

சூழல் என்றால் மிகவும் அகன்றுவிடும். ஒரே குளத்தில் எத்தனையோ வாழிடங்கள். தட்டானையே பாருங்கள்: இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்கடியில், ஒருநாள் கோரைத்தண்டில் ஏறித் தோலுரித்துப் பறந்துவிடும். உரித்த தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குளம் அதேதான், தட்டானும் அதேதான், வாழிடம் மட்டும் மாறிவிட்டது.

கூட்டுச்சொற்களும் இடறவில்லை: வாழிட இழப்பு, நுண்வாழிடம் (மரப்பட்டை இடுக்கு மாதிரி). குறுக்கே சாலை வருவது போன்ற காரணங்களால் காடு துண்டுகளாகப் பிரிவதற்கு மட்டும் 'வாழிடத் துண்டாக்கம்' எனக்குச் சரியாகப் படவில்லை. 'துண்டாக்கம்' என்றால் யாரோ வேண்டுமென்றே செய்தது போல ஒலிக்கிறது. ஆறு திசைமாறினாலும் காடு பிரியுமே. 'வாழிடத் துண்டுபாடு' எப்படி இருக்கிறது?